நூறு வயதிலும் மலை ஏறும் எஞ்சின்!
உதகை ரயிலுக்குப் புத்துயிர் கொடுக்கும் பொன்மலைத் தொழிலாளர்கள்

மேட்டுப்பாளையம் என்ற பெயரில் ஊர்கள் பல உண்டு. புதுச்சேரியிலும் ஒரு மேட்டுப்பாளையம் இருக்கிறது. அது தொழிற்பேட்டை உள்ள இடம். லாரிகள் வரிசையாக நிற்கும் இடம். ஆனால், "மேட்டுப்பாளையம் போகிறேன்" என்று புதுச்சேரியை விட்டு வெளியே யாராவது சொன்னால், கேட்பவர் மனத்தில் உடனே தோன்றுவது நீலகிரி அடிவாரத்தில் உள்ள மேட்டுப்பாளையந்தான். காலை வேளையில் அங்கிருந்து கூவிக்கொண்டு புறப்படும் மலை ரயிலும் கூடவே நினைவுக்கு வரும்.

அந்த ரயிலில் ஏறாதவர்கள் கூட அதைத் திரையில் பார்த்திருப்பார்கள். 1982-ல் வெளிவந்த "மூன்றாம் பிறை"யின் கடைசிக் காட்சியில் கண் கலங்கியவர்களுக்கு அந்தப் பாதையின் ரயில் நிலையம் மறந்திருக்காது. 1998-ல் "உயிரே" படத்தில் ரயிலின் கூரை மேல் ஆடிய ஆட்டமும் இதே பாதையில்தான்.

பெட்டிகளைப் பார்த்துப் படம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர். பின்னால் நின்று அவற்றைத் தள்ளிக்கொண்டு போகிறதே, அந்தக் கறுத்த எஞ்சினின் வயது என்ன, அது எப்படி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று கேட்பவர்கள் சிலர்தான். அந்தக் கதை மேட்டுப்பாளையத்தில் தொடங்கி, ஸ்விட்ஜர்லாந்துக்குப் போய், திருச்சி பொன்மலைக்கு வந்து சேருகிறது.

பல் பிடித்து ஏறும் வண்டி

நீலகிரிக்கு ரயில் போட வேண்டும் என்ற யோசனை 1854-லேயே எழுந்தது. யோசனை எழுந்ததே தவிர, வேலை நடக்கவில்லை. மலையின் ஏற்றம் அப்படி! 1882-ல் நிக்லஸ் ரிக்கன்பாக் என்ற ஸ்விஸ் எஞ்சினியர் நீலகிரிக்கு வந்து பார்த்தார். ஸ்விட்ஜர்லாந்தில் ரிகி மலைக்கு 1871-ல் பல் சக்கர ரயில் ஓட்டிக் காட்டியவர் அவர். அவரிடம் வேலை பழகிய ரோமன் ஆப்ட் என்பவர் இன்னும் நல்ல முறை ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்த "ஆப்ட்" முறையே கடைசியில் நீலகிரிக்கு வந்தது.

1891-ல் வேலை ஆரம்பமாயிற்று. முதலில் எடுத்து நடத்திய கம்பெனி நொடித்துப் போயிற்று. வேறு கம்பெனி வந்தது. 1899 ஜூனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ரயில் ஓடியது. 1908-ல் உதகமண்டலம் வரை பாதை முடிந்தது. யோசனை பிறந்து காரியம் முடிய ஐம்பத்து நான்கு வருஷம்!

பாதையின் நீளம் சுமார் 46 கிலோமீட்டர். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாதையின் உச்சி 2,203 மீட்டர். இடையில் 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். கல்லாறு வரை ரயில் மற்ற ரயில்களைப் போலவே ஓடும். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரைதான் சோதனை. அங்கே சில இடங்களில் 12 அடி முன்னே போனால் 1 அடி மேலே ஏற வேண்டும்.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் வழுக்கும். சமவெளியில் அந்த வழவழப்புதான் ரயிலுக்கு லாபம். மலையில் அதுவே ஆபத்து. ஆகவே இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில், பற்கள் வெட்டிய இரண்டு இரும்புச் சட்டங்களைப் பக்கம் பக்கமாகப் பதித்திருக்கிறார்கள். ஒரு சட்டத்தில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும். எஞ்சினின் அடியில் உள்ள பல் சக்கரங்கள் இந்தப் பற்களைக் கவ்விக் கவ்வி மேலே ஏறும். ஒரு பல் விடும்போது இன்னொரு பல் பிடித்துக்கொண்டிருக்கும். ஏணியில் ஏறுகிறவன் ஒரு கையை எடுக்கும்போது மற்றொரு கையால் பிடித்திருப்பானே, அது போல.

இந்த ஏற்றத்தில் ரயிலின் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் போய்ச் சேரச் சுமார் 5 மணி நேரம் ஆகும். "சைக்கிளில் போகிற பையன் கூட முந்திவிடுவான்" என்று கேலி செய்பவர்கள் உண்டு. அந்தப் பையன் அந்தச் சரிவில் சைக்கிளை மிதித்துப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்!

எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே இருக்கும். ஏறும்போது பின்னால் நின்று தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். நடுவில் கொக்கி அறுந்தால் கூடப் பெட்டிகள் உருண்டு ஓடிவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. அது போதாதென்று ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்க ஒரு ஊழியர். எஞ்சின் ஊதும் ஊதலைக் கேட்டு அவர்கள் பிரேக்கைப் பிடிப்பார்கள், விடுவார்கள்.

ஒரே நீராவிக்கு இரண்டு வேலை

முதலில் இங்கே ஓடியவை இங்கிலாந்தில் பேயர் பீகாக் கம்பெனி செய்த எஞ்சின்கள். கூட்டம் பெருகப் பெருக அவற்றின் பலம் போதவில்லை. ஸ்விட்ஜர்லாந்தில் வின்டர்தூர் நகரில் 1871-ல் தொடங்கிய எஞ்சின் தொழிற்சாலை ஒன்று இருந்தது. மலை ரயில் எஞ்சின் என்றால் உலகமே அந்தத் தொழிற்சாலையைத்தான் நாடும். 1914-க்கும் 1925-க்கும் இடையில் அங்கிருந்து 12 எஞ்சின்கள் கப்பலேறி வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு 1952-ல் இன்னும் 5 வந்தன. ரயில்வேக்காரர்கள் இவற்றுக்கு வைத்த பெயர் "எக்ஸ்" வகுப்பு.

ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 டன் எடை. எடையை விட, உள்ளே இருக்கும் சூட்சுமந்தான் பெரிது. சாதாரண நீராவி எஞ்சினுக்கு இரண்டு சிலிண்டர்கள் இருக்கும். இதற்கு நான்கு. கீழே இரண்டு, அவற்றின் தலை மேலேயே இன்னும் இரண்டு.

கல்லாறு வரை கீழ்ச் சிலிண்டர்கள் மட்டுமே வேலை செய்யும். பாய்லரிலிருந்து வரும் நீராவி பிஸ்டனைத் தள்ளிவிட்டுப் புகைபோக்கி வழியாகப் போய்விடும். பல் பாதை வந்ததும் டிரைவர் வழியை மாற்றுவார். கீழே வேலை செய்த நீராவி, அழுத்தம் கொஞ்சம் குறைந்தபின் மேல் சிலிண்டர்களுக்குப் போகும். அங்கே மறுபடியும் வேலை. அந்த மேல் சிலிண்டர்கள்தான் பல் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. ஒரே நீராவி, இரண்டு உத்தியோகம்! கரும்பை ஒரு தரம் பிழிந்து போட்டுவிடாமல் இரண்டாம் தரமும் பிழிவது போலத்தான்.

இறங்கும்போது இன்னொரு விந்தை. உதகை ரயிலின் பாரம் முழுவதும் எஞ்சினைக் கீழே தள்ளப் பார்க்கும். அப்போது சிலிண்டர்களுக்கு நீராவி கிடையாது. பிஸ்டன்கள் காற்றை உள்ளே இழுத்து அமுக்கும். அமுங்க மறுக்கும் காற்று எஞ்சினைத் தடுத்துப் பிடிக்கும். காற்றை அமுக்கினால் சூடேறுமே? அந்தச் சூட்டைத் தணிக்கத் தண்ணீரைச் செலுத்துவார்கள். ஏறும்போது மலையோடு போராடிய அதே சிலிண்டர்கள் இறங்கும்போது கடிவாளமாக மாறிவிடுகின்றன.

வயோதிகம் வந்தது

யந்திரமானாலும் மனிதனானாலும் வயது வயதுதான். தினம் மலை ஏறி இறங்கிய இந்த எஞ்சின்களுக்கு மூப்பு வந்தது. பாய்லர் தகடுகள் மெலிந்தன. குழாய்கள் ஓட்டையாயின. பற்கள் தேய்ந்தன. நல்ல நிலக்கரி கிடைக்காத நாட்களில் நீராவி போதாமல் நடுக்காட்டில் எஞ்சின் நின்றது. பிரயாணிகள் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

உதிரிப் பாகம் வாங்கிப் பூட்டலாமே என்றால், எங்கே வாங்குவது? இந்தியாவில் சித்தரஞ்சன் தொழிற்சாலை கடைசி நீராவி எஞ்சினைச் செய்தது 1972-ல். அகலப் பாதையில் நீராவி எஞ்சின்கள் ஓய்வு பெற்றது 1995-ல். வின்டர்தூர் தொழிற்சாலையும் 1990-களின் கடைசியில் கைமாறிப் பிரிந்து போயிற்று. கடையில் போய், "1920-ல் செய்த எஞ்சினுக்கு ஒரு பல் சக்கரம் கொடுங்கள்" என்று கேட்க முடியுமா?

குன்னூரிலிருந்து உதகை வரை பல் பாதை இல்லை. ஆகவே அங்கே டீசல் எஞ்சின் வந்துவிட்டது. ஆனால் கல்லாறு – குன்னூர் ஏற்றத்துக்கு இந்தக் கிழ எஞ்சின்களை விட்டால் வேறு கதி இல்லை. 2005 ஜூலையில் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. டார்ஜிலிங் மலை ரயிலுக்கு 1999-ல் கிடைத்த கௌரவம் நீலகிரிக்கும் கிடைத்தது. கௌரவம் வந்ததும் பொறுப்பும் வந்தது. நீராவி எஞ்சின் இல்லாத நீலகிரி ரயிலைப் பார்க்க யார் வருவார்கள்?

பொன்மலையில் வைத்தியம்

தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பணிமனை முன்பு நாகப்பட்டினத்தில் இருந்தது. 1928-ல் அது திருச்சியை அடுத்த பொன்மலைக்கு வந்தது. அன்று முதல் நீராவி எஞ்சினை அக்கக்காகப் பிரித்து மீண்டும் பூட்டுவது பொன்மலையின் குலத் தொழில்.

சிறு சிறு நோய்களுக்குக் குன்னூர் லோகோ ஷெட்டிலேயே மருந்து உண்டு. பெரிய சிகிச்சைக்குப் பொன்மலைக்குத்தான் போக வேண்டும். போவதிலும் ஒரு சங்கடம். நீலகிரிப் பாதை மீட்டர் கேஜ். மேட்டுப்பாளையத்திலிருந்து கோவைக்குப் போவதோ அகலப் பாதை. ஆகவே எஞ்சின் தன் காலில் மேட்டுப்பாளையம் வரைதான் வர முடியும். அதற்கு மேல் அதைப் பெரிய டிரெய்லர் லாரியில் ஏற்றிச் சாலை வழியாகக் கொண்டுபோக வேண்டும். மலையையே ஏறிய எஞ்சின், திருச்சிச் சாலையில் லாரி மேல் உட்கார்ந்து போவதைப் பார்த்தால் பல்லக்கில் போகும் கிழவரைப் போல இருக்கும்.

பணிமனையில் முதல் வேலை பிரிப்பது. பாய்லரைக் கிரேன் தூக்கித் தனியே வைக்கும். மேல் போர்வையை உரித்தால் உள்ளே வருஷக் கணக்கில் படிந்த உப்பு தெரியும். நம் வீட்டு வெந்நீர்ப் பானையின் அடியில் படியுமே, அதே உப்புதான். அது படிந்தால் நெருப்பின் சூடு தண்ணீருக்கு ஏறாது. தகடுதான் சுட்டுப் பழுதாகும். குழாய்களை ஒவ்வொன்றாக அறுத்து வெளியே எடுப்பார்கள். புதுக் குழாய்களை நுழைத்து, அவற்றின் முனைகளை உள்ளிருந்து விரித்துத் தகட்டோடு இறுக்குவார்கள். ஒரு துளி கசிந்தாலும் அந்த முனையில் மறுபடி வேலை.

நெருப்பு எரியும் உலையையும் அதைச் சுற்றியுள்ள தகட்டையும் நூற்றுக்கணக்கான இரும்புத் தறிகள் இணைத்துப் பிடிக்கின்றன. இவற்றில் எது விரிசல் கண்டது என்று எப்படித் தெரியும்? அனுபவசாலியான தொழிலாளி சிறு சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டுவார். நல்ல தறி மணி போல் ஒலிக்கும். விரிசல் விட்டது மங்கலாக ஒலிக்கும். சந்தையில் மண்பானை வாங்கும் தாய்மார்கள் விரலால் சுண்டிப் பார்க்கிறார்களே, அதே சாஸ்திரந்தான். இன்று ஒலி அலைக் கருவிகளும் வந்துவிட்டன. ஆனால் எந்த இடத்தில் கருவியை வைப்பது என்று காட்டுவதற்குப் பழகிய காதும் வேண்டும்.

பிறகு சோதனை. பாய்லரில் முழுக்கத் தண்ணீரை நிரப்பி, வழக்கமாக ஓடும்போது இருப்பதை விட அதிக அழுத்தம் கொடுப்பார்கள். முதலில் ஏன் நீராவியால் சோதிக்கவில்லை? நீராவி அமுங்கி நிற்கும் வஸ்து. தகடு விட்டால் வெடிக்கும். தண்ணீர் அமுங்காது, தகடு விட்டாலும் பீச்சிவிட்டு அடங்கிவிடும். தண்ணீர்ப் பரீட்சையில் தேறிய பிறகே உலையில் தீ மூட்டுவார்கள்.

பாய்லருக்கு இப்படி என்றால், சக்கரங்களுக்கு வேறு கணக்கு. ரயில் சக்கரத்தின் விளிம்பில் எஃகுப் பட்டை உண்டு. பட்டையைச் சூடாக்கினால் விரியும். விரிந்ததைச் சக்கரத்தில் மாட்டினால் குளிர்ந்து இறுகும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு நம் ஊர்க் கொல்லர் பட்டா போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்ற எஞ்சின்களில் இந்தப் பட்டை கொஞ்சம் தேய்ந்தால் பாதகமில்லை. இங்கே அப்படி இல்லை. பட்டை தேயத் தேய எஞ்சின் தாழும். எஞ்சின் தாழ்ந்தால் அடியிலுள்ள பல் சக்கரம் நடுச் சட்டத்தின் பற்களில் அதிக ஆழம் இறங்கும். ஆழம் மிகுந்தால் உரசும். குறைந்தால் பிடி நழுவும். ஆகவே சக்கரத்தையும் பல்லையும் ஒன்றோடொன்று அளந்து சரி பார்க்க வேண்டும். மலையில் ஒரு ரயில் நிறையப் பிரயாணிகளின் உயிர் அந்த அளவில் இருக்கிறது.

எண்ணெயா, நிலக்கரியா?

2002-ல் ஒரு எஞ்சினை நிலக்கரிக்குப் பதில் எண்ணெயில் ஓடும்படி மாற்றிப் பார்த்தார்கள். உலையில் கரியை வாரிப் போடுவதற்குப் பதிலாக எண்ணெயைப் புகைபோல் பீச்சி எரிப்பார்கள். பாய்லரும் சிலிண்டரும் பழையபடிதான். எண்ணெயில் நீராவி சீராகக் கிடைக்கும். கோடையில் காய்ந்த காட்டின் ஊடே போகும்போது தீப்பொறி பறக்கும் பயமும் குறையும்.

அதற்குப் பிறகு பொன்மலை துணிந்து ஒரு காரியத்தில் இறங்கிற்று. பழையதைப் பழுது பார்த்துக்கொண்டே எத்தனை நாள் ஓட்டுவது? அதே "எக்ஸ்" வகுப்பு எஞ்சினைப் புதிதாகவே செய்துவிட்டால் என்ன? ஸ்விஸ்காரர்கள் செய்ததை அங்குலம் அங்குலமாக அளந்து, பாகம் பாகமாக வார்த்துக் கடைந்து பூட்டினார்கள். 2011-ல் எண்ணெயில் ஓடும் முதல் புது எஞ்சின் வெளியே வந்தது. அடுத்த சில வருஷங்களில் அதன் சகோதரர்களும் வந்தன.

ஆனால் பழைமையை நேசிப்பவர்கள் திருப்தி அடையவில்லை. "நிலக்கரி வாசனை இல்லாத நீராவி எஞ்சின் ஒரு எஞ்சினா?" என்றார்கள். அதற்கும் பொன்மலை பதில் சொல்லிற்று. 2021 ஆகஸ்டில் நிலக்கரியில் ஓடும் புதிய "எக்ஸ்" எஞ்சின் ஒன்றைச் செய்து வெளியே விட்டது. உலகமெங்கும் மின்சார ரயிலைப் பற்றிப் பேசும் நாளில், தமிழ் நாட்டில் கரி எஞ்சின் பிறந்தது!

இதில் பொன்மலை மட்டும் தனியாக இல்லை. ஸ்விட்ஜர்லாந்தில் பிரியென்ஸ் ரோத்தோர்ன் மலை ரயிலுக்காக 1992-ல் புது நீராவி எஞ்சின்களைச் செய்தார்கள். செய்தது அதே வின்டர்தூர் தொழிற்சாலை. அவையும் எண்ணெயில் ஓடுபவைதான். பழைமையின் அழகும் வேண்டும், செலவும் கட்டுப்பட வேண்டும் என்றால் எல்லா நாட்டாரும் ஏறக்குறைய ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்.

எல்லாம் மாறினால் பழைய எஞ்சினா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பாய்லர் புதிது, குழாய் புதிது, பட்டை புதிது, பல் புதிது என்றால் அது எப்படி நூறு வயது எஞ்சின் ஆகும்?

நம் ஊர்க் கோயில் தேரைப் பார்த்தால் பதில் கிடைக்கும். தேரின் அச்சு முறிந்தால் புது அச்சு. சக்கரம் போனால் புதுச் சக்கரம். மரம் உளுத்தால் புது மரம். எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் அதை யாரும் புதுத் தேர் என்பதில்லை. அது சுவாமியின் தேர்தான். ஏனென்றால் அதே வீதியில், அதே நாளில், அதே வேலையை அது செய்கிறது. நீலகிரி எஞ்சினும் அப்படியே. கல்லாற்றில் பல்லைக் கவ்வி, குன்னூரில் மூச்சு வாங்கி நிற்கும் வரை அது அதே எஞ்சின்தான்.

ஓட்டாமல் அழகு பார்க்கவும் ஒரு வழி உண்டு. டில்லி ரயில் மியூசியத்தில் ஒரு "எக்ஸ்" எஞ்சின் மெருகு குலையாமல் நிற்கிறது. 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த "பெயரி குவீன்" எஞ்சினை நம் சென்னைப் பெரம்பூர்த் தொழிலாளர்கள் உயிர்ப்பித்து, 1997-ல் மீண்டும் ஓடச் செய்தார்கள். அதுவும் பெரிய சாதனைதான். ஆனால் அது விசேஷ நாட்களில் சமவெளியில் ஓடும் எஞ்சின். நீலகிரி எஞ்சின்கள் மலை ஏறுவதையே தினசரி உத்தியோகமாகக் கொண்டவை. இதில் பழுது பார்ப்பது ஒரு நாள் விழா அல்ல, முடிவில்லாத கடமை.

சைகோன் பக்கத்துக் கதை

கடமையை விட்டால் என்ன ஆகும்? அதற்கு ஒரு கதை இருக்கிறது. சைகோனுக்குப் போய்ச் சம்பாதித்துத் திரும்பிய குடும்பங்கள் புதுச்சேரியில் அநேகம். அவர்களுக்கு டாலாட் என்ற மலை ஊரின் பெயர் தெரிந்திருக்கும். வியட்நாமின் உதகமண்டலம் என்று சொல்லலாம்.

அந்த ஊருக்குப் பிரெஞ்சுக்காரர்கள் பல் சக்கர ரயில் போட்டார்கள். பாதை 84 கிலோமீட்டர்; 1932-ல் முடிந்தது. அதுவும் ஆப்ட் முறை. அதுவும் மீட்டர் கேஜ். எஞ்சின்களில் பல வின்டர்தூரிலிருந்து போனவை. நான்கு சிலிண்டர்கள், ஒரே நீராவிக்கு இரண்டு வேலை. நீலகிரி எஞ்சின்களுக்குப் பங்காளிகள் என்றே சொல்லலாம். ஏற்றம் நம்முடையதை விடக் கடுமை; 100 அடிக்கு 12 அடி.

யுத்தம் வந்தது. 1960-களின் கடைசியில் ரயில் நின்றது. 1975-க்குப் பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய் வேறு பாதைகளைச் செப்பனிட்டார்கள். எஞ்சின்கள் துருப்பிடித்துக் கிடந்தன. 1990-ல் ஸ்விட்ஜர்லாந்திலிருந்து ரயில் பிரியர்கள் சிலர் வந்து, மிஞ்சிக் கிடந்த எஞ்சின்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள். தங்கள் நாட்டில் பூர்க்கா கணவாய்ப் பாதையில் ஓடவிடுவதற்காக! சம்பளம் வாங்காத தொண்டர்கள் வருஷக் கணக்கில் உழைத்து, அவற்றில் சிலவற்றுக்கு உயிர் கொடுத்திருக்கிறார்கள்.

வியட்நாமில் இன்று மிச்சம் இருப்பது டாலாட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர் சமப் பாதை மட்டும். உல்லாசப் பிரயாணிகள் அதில் ஒரு சிறு ரயிலில் போய் வருகிறார்கள். பல் பாதை போயிற்று, எஞ்சினும் போயிற்று, அதை ஓட்டத் தெரிந்தவர்களும் போனார்கள். உயிரோடு இருக்கும்போது பராமரிப்பதற்கும், செத்த பிறகு எழுப்பப் பார்ப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

கைத்திறன் பிழைக்குமா?

நீலகிரிக்கும் ஆபத்துக்கள் இல்லாமல் இல்லை. 2009 நவம்பர் மழையில் மலை சரிந்து பாதை நாசமாயிற்று. பல மாதம் ரயில் ஓடவில்லை. மண்ணை அப்புறப்படுத்தி, பாலத்தைக் கட்டி, மீண்டும் ஓட்டினார்கள். பாதை போனால் போட்டுவிடலாம். பாகம் தேய்ந்தால் வார்த்துவிடலாம். பணம் இருந்தால் இவை எல்லாம் நடக்கும்.

பணத்தால் மட்டும் வாங்க முடியாதது கைப்பழக்கம். சரிவான பாதையில் பாய்லர்த் தண்ணீர் ஒரு பக்கம் சாயும். உலையின் கூரை எந்நேரமும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். வெளியே தெரிந்தால் கூரை பழுக்கக் காய்ந்து விபரீதம் விளையும். எந்த வளைவுக்கு முன் தண்ணீர் விடுவது, எந்த இடத்தில் தீயை ஓங்கச் செய்வது, ஹில்குரோவில் தண்ணீர் பிடித்துக்கொண்ட பிறகு அடுத்த ஏற்றத்துக்கு எவ்வளவு நீராவி கையிருப்பு வேண்டும் என்பதெல்லாம் புஸ்தகத்தைப் படித்து வருவதில்லை. பயர்மேனாக நின்று தோள் வலிக்கக் கரி அள்ளியவனுக்கு வரும். பழைய டிரைவர் பக்கத்தில் நின்று, "இப்போ விடாதே தம்பி, பொறு" என்று சொல்லிக் கொடுத்தால் வரும்.

முன்பு நாடெங்கும் ஆயிரக்கணக்கான நீராவி எஞ்சின்கள் ஓடின. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879-ல் வந்த ரயிலும் நீராவி ரயில்தான். அந்த நாளில் ஒரு ஷெட்டில் ஆள் குறைந்தால் இன்னொரு ஷெட்டிலிருந்து பழகிய ஆளை வரவழைக்கலாம். இன்று மலை ஏறும் நான்கு சிலிண்டர் எஞ்சினைத் தெரிந்தவர்கள் குன்னூரிலும் பொன்மலையிலுந்தான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போகும்போது, அவர் காதில் இருக்கும் தறியின் ஓசையும் கூடவே போய்விடுகிறது. பக்கத்தில் ஒரு இளைஞன் நின்று கற்றுக்கொண்டிருந்தால்தான் அது பணிமனையிலேயே தங்கும்.

புது எஞ்சின்கள் செய்ததன் பெரிய லாபமும் இதுவே. பழுது பார்ப்பவனுக்கு எஞ்சினின் ஒரு பாகம் தெரியும். முதலிலிருந்து செய்தவனுக்கு முழு எஞ்சினும் தெரியும். 2011-லும் 2021-லும் அந்த வேலையில் கை வைத்த இளைஞர்களுக்கு இன்னும் பல வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கும். பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களை இதே வேலையில் நிலைத்திருக்கச் செய்து, அவர்களுக்குக் கீழே புதியவர்களையும் பழக்கிவிட்டால், நீலகிரி எஞ்சினுக்கு இன்னொரு நூறு வயது என்பது பேராசை அல்ல. வேறு பிரிவுக்கு மாற்றிச் சிதற விட்டால், எவ்வளவு வரைபடம் வைத்திருந்தாலும் டாலாட்டின் கதைதான்.

கோடைக்கு உதகை போகும் வாசகர்கள் பெரும்பாலும் குன்னூரில் ரயில் நின்றதும் டீக்கும் வடைக்கும் ஓடுவார்கள். அந்தச் சில நிமிஷங்களில் நீராவி எஞ்சின் கழன்றுகொள்ள, டீசல் எஞ்சின் வந்து சேரும். டீ ஆறினாலும் பரவாயில்லை; குழந்தைகளை அழைத்துக்கொண்டு எஞ்சின் பக்கம் ஒரு நடை போய் வரலாம். மேலும் கீழுமாக இருக்கும் நான்கு சிலிண்டர்களை அவர்களுக்குக் காட்டலாம். கரியும் எண்ணெயும் படிந்த கையோடு எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருக்கும் ஊழியர்களிடம் இரண்டு வார்த்தை பேசலாம். தாங்கள் மலை ஏறி வந்தது யாருடைய உழைப்பால் என்று குழந்தைகளுக்கு அப்போது தெரியும்.